காத்திருக்கத் தெரிந்த மூலதனம்

நூலும் சிமென்ட்டும் செய்துவந்த ராஜபாளையம் குடும்பம் ஒன்று, ஆலைகளை நடத்தும் மென்பொருளையும் தானே செய்யத் துணிந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட அந்த முயற்சி நம் தொழில் குடும்பங்களுக்குச் சொல்வது என்ன?

ஹெலிகாப்டரின் மேலே சுழலும் விசிறியைத் தாங்கும் பாகங்கள் பலவற்றுக்கு ஆயுள் மணிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அத்தனை மணி நேரம் பறந்து முடித்துவிட்டால், பார்க்கப் புதிதாகவே இருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றிய பாகம் பழுதுபார்க்கும் கூடத்தில் சில மாதம் கிடக்கும். பிறகு வேறொரு ஹெலிகாப்டரில் ஏறும். எங்கே போனாலும் அதன் வரிசை எண்ணோடு அது பறந்த மணிக்கணக்கும் கூடவே போக வேண்டும். கணக்கு நடுவில் அறுந்துவிட்டால், லட்சக்கணக்கில் விலைபோகும் அந்தப் பாகம் காயலான் கடைச் சரக்குதான். அறுந்தது தெரியாமல் பறந்துவிட்டாலோ, போவது உயிர்.

இந்தக் கணக்கைக் காக்கும் மென்பொருள்களில் ஒன்று சென்னையில் உருவானது. சர்தார் பட்டேல் சாலையில் தலைமையகம் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸ் அதைச் செய்கிறது. உலகம் முழுக்க 4,000க்கும் மேற்பட்ட விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தன் மென்பொருளின் வழியே பராமரிக்கப்படுவதாக நிறுவனம் சொல்கிறது. நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பது ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய குடும்பம். விமானத் தொழிலோடு அதற்கு எந்தப் பூர்வ உறவும் கிடையாது. ஆலை நடத்தத் தெரியும். ஆலையின் கணக்கு எங்கெல்லாம் பிசகும் என்று தெரியும். அங்கிருந்துதான் எல்லாம் கிளம்பியது.

நூலில் தொடங்கிய குடும்பம்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். பருத்தி விளையும் பூமியில் நூற்பாலை வைப்பது அன்றைக்குப் பலர் யோசித்த தொழில்தான். அவர் அதோடு நிற்கவில்லை. 1957இல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் பதிவாயிற்று. விருதுநகர் பக்கத்தில், இன்று ராமசாமிராஜா நகர் என்று அவர் பெயரிலேயே வழங்கும் இடத்தில் முதல் சிமென்ட் ஆலை எழுந்தது. 1962இல் அவர் மறைந்தபோது, பொறுப்பை ஏற்ற மகன் பி.ஆர். ராமசுப்பிரமணிய ராஜா முப்பது வயதைத் தொட்டிருக்கவில்லை. அதன்பின் 2017இல் மறையும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, குழுமத்தை அவர்தான் நடத்தினார். மெட்ராஸ் சிமென்ட்ஸ் 2013இல் ராம்கோ சிமென்ட்ஸ் என்று பெயர் மாறியதும் அவர் காலத்தில்தான்.

மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர் பி.ஆர். வெங்கட்ராம ராஜா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பட்டம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் பட்டம். வீட்டில் ஏற்கெனவே நூல், சிமென்ட், கூரைத் தகடு என்று மூன்று தொழில்கள் நடந்துகொண்டிருந்தன. இன்னொரு சிமென்ட் ஆலை கட்டுவதே யாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய அடுத்த அடி. அவர் பிடித்துக்கொண்டது மென்பொருளை. கூரைத் தகடு செய்யும் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்குள் ஓர் ஆராய்ச்சிப் பிரிவாக, 1990களையொட்டி அந்த வேலை தொடங்கிற்று. 1997இல் ராம்கோ சிஸ்டம்ஸ் பதிவானது. சிறிது காலத்தில் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தன் காலில் நின்றது.

சிமென்ட் ஆலைக்குள் எந்நேரமும் ஓடும் கணக்கைப் பார்த்தால், ஆலை நடத்துகிறவர் ஏன் மென்பொருள் பக்கம் போனார் என்பது விளங்கும். காலி லாரி கேட்டுக்குள் வருகிறது. எடைமேடையில் ஏறி இறங்குகிறது. எந்த டீலருக்கு எத்தனை மூட்டை, எந்த ரகம் என்று பார்த்து ஏற்றுகிறார்கள். மறுபடி எடைமேடை. பில், வரி, கேட் பாஸ், பிறகுதான் வெளியே. இதில் ஒரு காகிதம் தாமதமானால் பின்னால் லாரிகள் வரிசை கட்டும். டிரைவருக்கு ஒரு நடை போகும், டீலருக்கு ஒரு நாள் வியாபாரம் போகும். உள்ளே சுண்ணாம்புக்கல், நிலக்கரி, மின்சாரம், சாக்கு என்று தினமும் கரையும் பொருள்களின் கணக்கு வேறு. இவை எல்லாம் தனித்தனி நோட்டில் இருந்தால், மாதம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் லாபமா நஷ்டமா என்று தெரியும். அதற்குள் திருத்துவதற்கான நேரம் கடந்துபோயிருக்கும்.

குழுமத்தின் சொந்த ஆலைகளும் ராம்கோவின் மென்பொருளையே பயன்படுத்தின. செய்தவர்களின் சொந்த வீட்டிலேயே புழங்கும் சரக்கில் குறையை மூடி மறைக்க முடியாது.

ஒரு பம்ப் ஆர்டருக்குப் பின்னால்

உற்பத்தி மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரியாதவர்கள், கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையை மனத்தில் கொண்டுவந்துகொள்ளலாம். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 500 பம்ப் வேண்டும் என்று ஆர்டர் வருகிறது. ஒரு பம்புக்கு வார்ப்பு உடல் ஒன்று, இம்பெல்லர் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, பேரிங் இரண்டு, சீல் ஒன்று, மோட்டாருக்கு ஸ்டாம்பிங், செப்புக் கம்பி, பெயின்ட், போல்ட், நட், அட்டைப்பெட்டி. இந்தப் பட்டியலுக்குத் தொழிலில் பில் ஆஃப் மெட்டீரியல் என்று பெயர். 500 பம்புக்கு 1,000 பேரிங் வேண்டும். ஸ்டோர்ஸில் 320 இருக்கிறது. ஏற்கெனவே ஆர்டர் போட்டது 200 வர வேண்டும். ஆக, புதிதாக வாங்க வேண்டியது 480. பேரிங் வர இரண்டு வாரம் ஆகும் என்றால், பர்ச்சேஸ் ஆர்டர் இன்றைக்கே போக வேண்டுமா, அடுத்த வாரம் போனால் போதுமா? வார்ப்பு ஃபவுண்டரியிலிருந்து வந்து, லேத்தில் ஏறி, பிறகுதான் அசெம்பிளிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு பம்ப் ரகம் என்றால் பழக்கப்பட்ட சூப்பர்வைசர் மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார். அறுபது ரகம், நானூறு பாகம், நடுவில் ஓர் ஆர்டர் ரத்து, இன்னொன்று அவசரம் என்றால் எந்த மூளையும் திணறும். இதற்குக் கணினியில் வழி கண்டவர்களில் முதன்மையானவர் ஜோசப் ஆர்லிக்கி. 1960களில் இம்முறையை வகுத்து, 1975இல் நூலாகவும் எழுதினார். 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொருள் திட்டமிடலோடு கணக்கு, கொள்முதல், விற்பனை, சம்பளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1990இல் கார்ட்னர் நிறுவனம் அதற்கு இஆர்பி என்று பெயர் வைத்தது.

வாய்ப்பாடு எளிது, தொழிற்சாலைதான் எளிதல்ல. திரையில் பேரிங் 320 என்று இருக்கும். ராக்கில் எண்ணினால் 290 இருக்கும். நேற்று இரவு ஷிஃப்டில் யாரோ அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு சீட்டு எழுத மறந்திருப்பார்கள். அந்த முப்பதுக்காக அசெம்பிளி லைன் ஒரு நாள் நிற்கும். நின்ற மறுநாளே, ‘கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறது’ என்று ஃபோர்மேன் பழைய நோட்டைத் திரும்ப எடுத்துவிடுவார். நோட்டு திரும்பி வந்தால் மென்பொருள் செத்த மாதிரிதான். ஆகவே இத்தகைய மென்பொருளை எழுதி முடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, ஸ்டோர்ஸ் கீப்பரையும் ஃபோர்மேனையும் அதை நம்ப வைப்பது. அதற்கு மாதங்கள் ஆகும், சில இடங்களில் வருடங்கள் ஆகும். நம்பிக்கை வந்துவிட்டாலோ, பத்துப் பதினைந்து வருடத்துக்கு யாரும் அதை மாற்ற நினைக்க மாட்டார்கள்.

வருமானம் தாமதமாக வரும். வந்தால் நெடுநாள் நிற்கும். இந்தத் தொழிலின் சுபாவம் அது. காலாண்டுக்குக் காலாண்டு கணக்குக் கேட்கும் பணத்துக்கு இது சரிப்படாது.

ஆளை அனுப்பாமல் சரக்கை விற்றவர்கள்

ராம்கோ இதில் இறங்கிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது. 1984இல் ராஜீவ் காந்தி அரசு கணினிக் கொள்கையைத் தளர்த்தியது. 1991இல் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. இந்திய மென்பொருள் தொழில் என்றால் அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். நம் இளைஞர்களை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, மணிக்கு இத்தனை டாலர் என்று பில் போடுவது. நஷ்டத்துக்கு அதில் இடம் குறைவு. ஆளுக்குச் சம்பளம் போக மிச்சம் லாபம். தவறில்லாத தொழில், லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களைத் தூக்கிவிட்ட தொழில்.

சொந்தச் சரக்கு செய்து விற்பது நேர்மாறானது. முதலில் பல வருடம் செலவு மட்டும். எழுதியது விலைபோகுமா என்று தெரியாது. விலைபோனாலும், வாங்கியவர்கள் கேட்கும் மாற்றங்களைக் காலம் முழுக்கச் செய்துகொடுக்க வேண்டும். அப்படி ஒரு வழியைத் தேர்ந்து ராம்கோ கொண்டுவந்த முதல் பெரிய சரக்கு மார்ஷல். பெரிய மெயின்ஃபிரேம் கணினி தேவையில்லாமல், சர்வரும் மேசைக் கணினிகளும் கொண்டு இயங்கும் இஆர்பி. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் என்டி, எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றின் மேல் அதைக் கட்டினார்கள். அன்றைய இந்திய ஆலைகளின் எக்சைஸ், மோட்வாட், விற்பனை வரிச் சிக்கல்களை வெளிநாட்டுச் சரக்குகளைவிட நம் ஊர்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதும் அதற்குச் சாதகம்.

பெங்களூரிலும் இதே போன்ற இன்னொரு குடும்பக் கதை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆலைகளுக்கும் துணி மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சரக்குதான் பின்னாளில் ஊருக்கு ஊர் ஆடிட்டர் அலுவலகங்களில் குடியேறிய டேலி. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு கதைகளுக்கும் தொடக்கம் ஒன்றே: தொழில் நடத்தியவருக்குத் தேவை இருந்தது, சந்தையில் அதற்குச் சரக்கு இல்லை.

பணம் கரைந்த ஆண்டுகள்

ராம்கோவின் பாதை டேலியைப் போல நேராக ஏறவில்லை. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று வெளிநாடுகளில் துணை நிறுவனங்கள் தொடங்கி, உலகச் சந்தையில் எஸ்ஏபி, ஆரக்கிள் போன்றவர்களோடு நேருக்கு நேர் நின்றது. அந்தப் போட்டி சமமானதல்ல. உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்று இஆர்பி வாங்க முடிவெடுக்கும்போது, எஸ்ஏபியை வாங்கித் தோற்ற அதிகாரியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சென்னை நிறுவனத்தை வாங்கித் தோற்றால் அவர் வேலைக்கே உலை. சரக்கு நன்றாக இருந்தாலும் இந்தப் பயத்தைத் தாண்டுவது பெரும்பாடு.

இன்னொரு பக்கம், தொழில்நுட்பம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புரண்டு படுத்தது. சர்வரிலிருந்து இணையத்துக்கு, இணையத்திலிருந்து க்ளவுடுக்கு, அங்கிருந்து கைப்பேசிக்கு. ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கான வரிகளைத் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுதாகத் திரும்ப எழுதாமல், வேலை முறையை மாதிரியாக வரைந்து அதிலிருந்து மென்பொருளைத் தொகுத்துக்கொள்ளும் தளம் ஒன்றை ராம்கோ உருவாக்கியது. விர்ச்சுவல்வொர்க்ஸ் என்று அதற்குப் பெயர். 2008 வாக்கில், க்ளவுட் என்ற சொல்லே இந்திய ஆலைகளுக்குப் புதிதாக இருந்தபோது, மாத வாடகைக்கு இஆர்பி தர முன்வந்தது. காலத்துக்கு முன்பே போனதற்கும் ஒரு விலை உண்டு. தன் கணக்கு விவரம் தன் ஆலைக்கு வெளியே இருப்பதை முதலாளிகள் அவ்வளவு சீக்கிரம் ஏற்கவில்லை. பல ஊர்களில் இணைய இணைப்பும் அதற்குத் தயாராக இல்லை.

இந்தக் காலத்தில் நிறுவனம் பல ஆண்டுகள் நஷ்டக் கணக்கு எழுதியது. உரிமைப் பங்கு வெளியீடுகள் வந்தன. குடும்பமும் குழும நிறுவனங்களும் பணம் போட்டன. இன்றும் பங்குகளில் சுமார் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. வென்ச்சர் முதலீட்டாளர் ஒருவரின் கையில் இந்த நிறுவனம் இருந்திருந்தால், ஏழெட்டு வருடத்தில் விற்றிருப்பார் அல்லது மூடியிருப்பார். சிமென்ட் ஆலை வைத்திருப்பவருக்கு நேரக் கணக்கு வேறு. சுரங்கக் குத்தகை, ஆலை கட்டுமானம், சூளை எரியத் தொடங்கும் நாள், போட்ட பணம் திரும்பும் நாள் என்று பத்து வருடம், இருபது வருடம் என்று யோசிப்பது அவருக்குப் பழக்கம்.

இந்தப் பொறுமையை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நிறுவனம் பங்குச் சந்தையில் இருக்கிறது. தன் சேமிப்பைப் போட்ட சிறு முதலீட்டாளர்களும் குடும்பத்தோடு சேர்ந்து காத்திருந்தார்கள். காத்திருக்க முடிவெடுத்தது குடும்பம். அதன் வலியில் பங்கு அவர்களுக்கும் இருந்தது. பொறுமைக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் குடும்பத்துக்கு உண்டு.

விமானமும் சம்பளமும்

மாற்றம் வந்தது, எல்லாருக்கும் எல்லாம் விற்கும் எண்ணத்தைக் குறைத்துக்கொண்டபோது. 2012இல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து விரேந்தர் அகர்வால் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். பல ஆண்டு அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். உடைமை குடும்பத்திடம், அன்றாட நிர்வாகம் தொழில்முறை ஆளிடம் என்று பிரித்துக்கொண்டது பலன் தந்தது. ஆசியா, ஆஸ்திரேலியா, மேற்காசியா பக்கம் கவனம் திரும்பியது. பெரியவர்கள் அதிகம் மெனக்கெடாத, ஆனால் கணக்கு மிகச் சிக்கலான இரண்டு துறைகள் முன்னுக்கு வந்தன. ஒன்று விமானப் பராமரிப்பு. மற்றொன்று சம்பளம்.

விமானப் பராமரிப்பு என்பது உற்பத்திக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியது போன்றது. பம்ப் தொழிற்சாலையில் பாகங்கள் சேர்ந்து பம்ப் ஆகின்றன. ஹேங்கரில் விமானத்தைப் பிரித்துப் பாகங்களாக்கி, சரிபார்த்து, மறுபடி சேர்க்கிறார்கள். பாகப் பட்டியல் அதே, ஸ்டோர்ஸ் அதே, ஜாப் கார்டு அதே. கூடுதலாக ஒவ்வொரு பாகத்துக்கும் பிறந்த நாள் முதல் ஒரு சரித்திரம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட பாகத்தில் கோளாறு தெரியவந்து அமெரிக்காவின் எஃப்ஏஏ அல்லது ஐரோப்பாவின் இஏஎஸ்ஏ உத்தரவு போட்டால், அந்தப் பாகம் தன்னிடமுள்ள எந்தெந்த விமானத்தில் இருக்கிறது என்று நிறுவனம் உடனே சொல்லியாக வேண்டும். உலகின் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனங்கள் பலவும் ராம்கோவிடம் வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கில் அதற்கிருந்த பிடிமானம். ஆலைக் கணக்கில் தேறிய கை ஹேங்கருக்குள் தடுமாறவில்லை.

சம்பளம் எளிதென்று நினைப்பவர்கள், ஒரே நிறுவனம் மூன்று நாட்டில் ஆள் வைத்திருப்பதை எண்ணிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்கு. சிங்கப்பூரில் சிபிஎஃப், அதிலும் வயது ஏற ஏற விகிதம் மாறும். மலேசியாவில் இபிஎஃப் ஒரு பக்கம், சொக்சோ இன்னொரு பக்கம். ஒவ்வொரு அரசும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விதியை மாற்றும். சம்பள நாள் மட்டும் மாறாது. சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும், பத்து ரூபாய் குறைந்தாலும் ஊழியர் கேட்பார், கேட்பது நியாயம். 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தருவதாக ராம்கோ சொல்கிறது. ஒவ்வொரு நாட்டு விதியையும் கற்று, எழுதி, திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் இது. யாரும் ஒரே வருடத்தில் பணத்தைக் கொட்டி எட்டிப்பிடிக்க முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் சுமையாக இருந்த காலம், இங்கே அரணாக மாறிவிட்டது.

பான் சகோதரர்களும் லோப்கர் தம்பதியும்

குடும்பம் நடத்தினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தின் பார்னவெல்ட் வட்டாரத்தில் 1978இல் யான் பான் தொடங்கி, தம்பி பால் பானும் சேர்ந்துகொண்ட நிறுவனம் பான். உற்பத்தி ஆலைகளுக்கான மென்பொருளே அவர்கள் சரக்கு. 1994இல் போயிங் விமான நிறுவனம் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 1995இல் நாஸ்டாக்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பங்கு வெளியிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி காட்ட வேண்டிய அவசரம். தங்களோடு தொடர்புள்ள விநியோகஸ்தர்களுக்கு விற்றதையும் வருமானமாகக் காட்டிய கணக்கு முறை 1998இல் கேள்விக்கு உள்ளானது. பங்கு விலை சரிந்தது. யான் பான் தலைமைச் செயல் பொறுப்பை விட்டு விலகினார். 2000இல் பிரிட்டனின் இன்வென்சிஸ் நிறுவனம் பானை வாங்கிக்கொண்டது. அதன்பின் கைமாறிக் கைமாறி, பான் என்ற பெயரே சந்தையில் மங்கிவிட்டது.

கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கத்தில் வேறு விதமாக நடந்தது. கணிதம் படித்த பமீலா லோப்கர் 1979இல் க்யூஏடி நிறுவனத்தைத் தொடங்கி, அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு மென்பொருள் எழுதினார். அவர் கணவர் கார்ல் லோப்கர் செருப்பு செய்யும் டெக்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணவரும் வந்து சேர, மனைவி சரக்கைப் பார்த்துக்கொள்ள, கணவர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள, மோட்டார் வாகன உதிரிபாகம், உணவு, மருத்துவக் கருவி என்று உற்பத்தித் துறைகளை மட்டுமே பிடித்துக்கொண்டு நாற்பது வருடம் நடத்தினார்கள். 1997இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் வாக்குரிமையின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். 2018இல் கார்ல் காலமானார். 2021இல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு க்யூஏடியை வாங்கியது.

அதே 2021இல் இன்னொரு குடும்ப நிறுவனமும் கைமாறியது. நம் ஊர் சிஎன்சி பட்டறைகளிலும் பழக்கமான மாஸ்டர்கேம் மென்பொருளைச் செய்யும், கனெக்டிகட் மாநிலத்து சம்மர்ஸ் குடும்பத்தின் சிஎன்சி சாஃப்ட்வேர். 1983இல் தொடங்கிய அதை ஸ்வீடனின் சாண்ட்விக் வாங்கியது.

பானும் குடும்ப நிறுவனம்தான். ஆனால் பங்குச் சந்தையின் வேகத்துக்கு ஓடத் தொடங்கியதும், குடும்பம் என்பதால் கிடைத்த ஒரே சாதகத்தைக் கைவிட்டது. லோப்கர் தம்பதி அதை விட்டுக்கொடுக்கவில்லை. குறுகிய துறையில் ஆழமாக இறங்கினார்கள். பிறகு நல்ல விலைக்கு விற்றார்கள். ராம்கோ மூன்றாவது வழியில் நிற்கிறது. பரந்த களத்தில் அடிபட்டு, குறுகிய களத்துக்கு வந்து, விற்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது. 2017இல் தந்தை மறைந்தபின் குழுமப் பொறுப்பு வெங்கட்ராம ராஜாவிடம் வந்தது. ராம்கோ சிஸ்டம்ஸின் நிர்வாக இயக்குநராக இன்று இருப்பவர் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த பி.வி. அபினவ் ராமசுப்பிரமணியம் ராஜா.

நம் தொழில் குடும்பங்களின் முன்னால்

தமிழ்நாட்டில் தொழில் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கோவையின் பம்பும் கிரைண்டரும், திருப்பூரின் பின்னலாடை, சிவகாசியின் அச்சு, கரூரின் வீட்டுத் துணி, நாமக்கல்லின் லாரி பாடி என்று ஊருக்கு ஒரு தொழில், தொழிலுக்கு நூறு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. சாயம் எப்போது பிடிக்கும், எந்த வார்ப்பு எந்த மாதத்தில் வெடிக்கும், எந்த வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் அளவை மாற்றுவார் என்ற அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த அறிவு பெரியவர்களின் தலையில் இருக்கிறது. அவர்களோடு போய்விடவும் கூடும். அதை மென்பொருளாக்கி விற்க முடியும் என்று நினைத்த குடும்பங்கள் மிகக் குறைவு. பிள்ளை கணினி படித்தால் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறோம். அப்பாவின் ஆலைக்குள் இருக்கும் கணக்கைப் பார்க்கச் சொல்வதில்லை.

ராம்கோவின் வளர்ச்சியில் பின்பற்றத் தக்கவை மூன்று. தனக்கு உண்மையில் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்கியது முதலாவது. ஆளை வாடகைக்கு விடாமல், சொந்தச் சரக்கு செய்தது இரண்டாவது. தோல்விக்குப் பின் களத்தைச் சுருக்கிக்கொண்டு, தேவையான இடத்தில் வெளியாரைத் தலைமையில் அமர்த்தியது மூன்றாவது. தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. களத்தைச் சுருக்கும் முடிவு சில ஆண்டுகள் முன்பே வந்திருந்தால் நஷ்டக் காலமும் சுருங்கியிருக்கும். பொறுமை வேறு, பிடிவாதம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று குடும்பத்துக்குள்ளேயே துணிந்து கேட்கும் ஒருவர் வேண்டும்.

இனிவரும் காலம் இன்னும் கடினம். மென்பொருள் எழுதும் வேலையையே செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. வெறும் நிரல் எழுதத் தெரிவது இனி பெரிய அரணாக இருக்காது. ஆலைக்குள் என்ன நடக்கிறது, ஸ்டோர்ஸில் முப்பது பேரிங் ஏன் குறைகிறது, மலேசியச் சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் எந்த மாதம் மாறும் என்ற அறிவு மட்டுமே விலை பெறும். அந்த அறிவு தொழில் நடத்துபவர்களிடம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் மென்பொருள் நிறுவனம் தொடங்கக் கோடிகள் வேண்டியிருந்தது. இப்போது எழுதும் செலவு குறைந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டியதன் மதிப்பு கூடிவிட்டது. இவ்வளவு சாதகமான நேரம் நம் தொழில் குடும்பங்களுக்கு இதுவரை வந்ததில்லை.

ராஜபாளையத்தில் குடும்பத்தின் கல்வி நிறுவனங்களில் ஒன்றாக 2013இல் ராம்கோ இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி தொடங்கப்பட்டது. அதுபோன்ற கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளில் பலரின் வீட்டுப் பக்கத்திலேயே நூற்பாலையோ, அச்சகமோ, விசைத்தறியோ இருக்கிறது. அவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் எங்கோ பார்த்து எடுத்த நகலாக இல்லாமல், பக்கத்து ஆலையின் உண்மையான ஒரு சிக்கலாக இருக்கட்டும். ஆலைக்காரரும் கதவைத் திறந்து, தன் ஸ்டோர்ஸ் கணக்கை அந்தப் பிள்ளையிடம் காட்டட்டும். அடுத்த உற்பத்தி மென்பொருள் நிறுவனம் சென்னையின் பெரிய சாலையில்தான் பிறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கரூரிலும் சிவகாசியிலும் பிறக்கலாம். அதற்கு வேண்டிய அறிவு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. காத்திருக்கத் தயாரான பணமும் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் துணிவுதான் இன்னும் வர வேண்டும்.